மண்ணுக்கு வங்கிக் கணக்கு இல்லை

பாட்டு வெளியீட்டு விழாக்களில் இப்போது மண்ணுக்குத்தான் மவுசு. இசையமைப்பாளர் மைக்கைப் பிடிக்கிறார். “இந்த மெட்டு நான் போட்டதில்லீங்க, இந்த மண்ணு போட்டது” என்கிறார். கைதட்டல். இயக்குநர் எழுந்து, “மண்வாசனைதாங்க இந்தப் படத்தோட ஹீரோ” என்கிறார். விசில். தயாரிப்பாளர் ஒன்றும் பேசுவதில்லை, சிரிக்கிறார். அவர் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. பாடலாசிரியருக்குப் பணம் கொடுக்க வேண்டும், பாடகிக்குக் கொடுக்க வேண்டும், கீபோர்டுக்காரருக்குக் கால்ஷீட் கணக்கில் கொடுக்க வேண்டும். மண்ணுக்குச் சல்லிக்காசு கொடுக்க வேண்டாம். அது ராயல்டி கேட்டு வக்கீல் நோட்டீஸ் விடாது. பேட்டியில் உட்கார்ந்து “அது எங்க தாத்தா மெட்டு” என்று சொல்லி மானத்தை வாங்காது. தமிழ் சினிமாவுக்கு வாய்த்த பங்காளிகளில் ஆகச் சிறந்த பங்காளி மண்தான்.

எனக்குத் தெரிந்து மண்ணில் நெல் விளையும், கடலை விளையும். மெட்டு விளைந்து நான் பார்த்ததில்லை. உறுமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து அந்த உறுமலை வரவழைத்தது ஓர் ஆள். கரகத்தின் சுழற்சிக்குத் தவிலும் பம்பையும் எங்கே நிற்க வேண்டும், எங்கே பாய வேண்டும் என்று கண்டுபிடித்தது ஓர் ஆள். அந்த ஆளுக்குப் பெயர் இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், அடகுக் கடையில் ஒரு ஜோடிக் கம்மல் இருக்கிறது. பெயரைச் சொன்னால் கம்மலை மீட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே மண்.

இந்த ஆள் ‘இன்ஸ்பிரேஷன்’ ஆகும் விதம் ரொம்ப எளிமையானது. முதலில் ஒரு போன் வரும். “அண்ணே, நீங்கதாண்ணே ஒரிஜினல். உங்க வீடியோவைப் பார்த்துட்டு டைரக்டர் ரெண்டு நாளா தூங்கலண்ணே.” இவருக்கும் தூக்கம் போய்விடும். நாலு பேராகச் சேர்ந்து, பறைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்கு வருவார்கள். குளிரூட்டிய ஸ்டூடியோ. அங்கே முதல் வம்பு, உள்ளே தீ மூட்டக் கூடாது. தோல் பறைக்கு அனல் காட்டினால்தான் குரல் ஏறும். ஊரில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுகிறவர்கள், இங்கே கேட்டுக்கு வெளியே பழைய செய்தித்தாளைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு உள்ளே ஓடிவர வேண்டும். ஏ.சி. குளிரில் தோல் இறங்கிவிடும், மறுபடியும் கேட்டுக்கு ஓட்டம். அடுத்த வம்பு, காதில் மாட்டிய ஹெட்போனுக்குள் டிக் டிக் என்று ஒரு கிளிக். சாமியாடியின் காலைப் பார்த்து வேகம் ஏற்றுகிறவரிடம், கம்ப்யூட்டரைப் பார்த்து அடிக்கச் சொல்கிறார்கள். அவர் அதையும் அடிக்கிறார், தொழில்காரர். “அண்ணே, அந்தச் சாவு அடி ஒண்ணு குடுங்க. இப்ப சாமி அடி. மெதுவா ஒண்ணு, வேகமா ஒண்ணு.” மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவருடைய ஆயுசு முழுக்கக் கற்ற வித்தை ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் இறங்கிவிடும். பஸ் காசு, ஒரு பிரியாணிப் பொட்டலம், வவுச்சரில் ஒரு கையெழுத்து, தோளில் கைபோட்டு ஒரு செல்ஃபி. அடுத்த படத்துக்கு அவர் வர வேண்டியதில்லை. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அடிப்பார். செத்த பிறகும் அடிப்பார்.

எல்லோரையும் ஒரே கோலால் அடிப்பது தப்பு. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அந்த மெட்டுகளோடு வந்த இளையராஜா, பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய் மேடையேறியவர். அவர் எடுத்தது சொந்த வீட்டுக் குதிரிலிருந்து. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் கிராமத்தையே பென் டிரைவில்தான் பார்த்திருக்கிறார்கள். உறுமி சத்தம் கேட்டால் கள்ளுக்கடை, பறை சத்தம் கேட்டால் வெட்டுக்குத்து, ஒப்பாரி கேட்டால் காமெடி. நாட்டுப்புறம் என்பது அவர்களுக்கு நாயகன் லுங்கி கட்டும் நாலு நிமிஷம்.

பறையாட்டக்காரர்களிடம் அடிகளுக்குப் பெயர் உண்டு. ஒத்தையடி, டப்பா அடி, பாடம் அடி, மருள் அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி. இந்த வரிசையில் ‘சினிமா அடி’ என்றும் ஒன்று இருக்கிறது. சினிமாவிலிருந்து வந்த அடியைச் சினிமா அடி என்றே சொல்கிறார்கள். மறைக்கவில்லை, ‘எங்க மண்ணு குடுத்தது’ என்று கதை விடவில்லை, வாங்கின இடத்தைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்கு இருக்கிற இந்த நாணயம், ஒப்பந்தம் எழுத வக்கீல் பட்டாளம் வைத்திருக்கும் ஆடியோ கம்பெனிகளுக்கு இல்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ரெட்டிப்பாளையம் என்று ஓர் ஊர், தப்பாட்டத்துக்குப் பேர்போனது. ‘இந்தப் பாட்டில் வரும் அடி ரெட்டிப்பாளையத்து அடி’ என்று எந்தப் படத்து டைட்டிலிலாவது ஒரு கார்டு பார்த்ததுண்டா? நாய்க்கு உணவு கொடுத்த கம்பெனிக்கு நன்றி கார்டு பார்த்திருக்கிறேன்.

புது இசை எங்கே பிறக்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மலைவாசஸ்தலத்தில் ரூம் போட்டுக் கம்போஸிங் உட்கார வேண்டாம். ஒரு கேத வீட்டுக்குப் போகலாம். திருவிழா மேளத்துக்குச் சீசன் உண்டு. தையில் தொடங்கி ஆடியில் முடியும். பங்குனி, சித்திரையில் ஒரே நாளில் ரெண்டு ஊர் அழைக்கும். அதற்குப் பிறகு தொலைபேசி மௌனவிரதம் இருக்கும். அப்போது நாதஸ்வரக்காரர் கொத்து வேலைக்குப் போவார், தவில்காரர் பெயின்ட் அடிப்பார், கரகாட்டக்காரப் பெண் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவார். சாவுக்கு மட்டும் சீசன் கிடையாது. ஆகவே பறைக்காரர் நடுராத்திரியில் வரும் போனை எடுத்தே ஆக வேண்டும்.

விடியுமுன் போய் நிற்பார்கள். பந்தலுக்குள் அல்ல, பந்தலுக்கு வெளியே, சாக்கடை ஓரம். அங்கிருந்து அடுத்த நாள் சுடுகாடு வரைக்கும் அவர்கள் அடிப்பது ஒரே அடி என்று நினைப்பவர்களுக்குக் காது இருந்தும் பயனில்லை. சம்பந்தகாரர்கள் கோடித்துணியோடு வந்தால் தெருமுனைக்கே போய் எதிர்கொண்டு அழைத்துவர ஓர் அடி. நீர்மாலைக்கு ஓர் அடி. பாடை தூக்கும்போது வேறு. நூறு வயசுக் கிழவருக்கு ஆட்டம் போடும் அடி, கல்யாணமாகாத பையனுக்கு நெஞ்சைப் பிளக்கும் அடி. செத்தவர் யார், அழுகிறவர் எப்படி அழுகிறார், கூட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அந்த இடத்திலேயே கோத்துக்கொண்டு போகிறார்கள். இதற்குக் கூலி, பிணம் எரிந்த பிறகு. அதிலும் பேரம். கையில் காசு வைப்பதற்கு முன்னால் பாட்டில் வைக்கிற ஊர்கள் உண்டு. நாற்பது வயதில் கல்லீரல் போனதும் “அவனுங்களே அப்படித்தான், குடிச்சே சாவானுங்க” என்று தீர்ப்பு எழுதுவதும் அதே ஊர்தான்.

அதே பந்தலில் ஒப்பாரிப் பாட்டுக்கார அம்மா வந்து உட்காருவார். மைக் செட்டு கட்டும் நேரத்தில் வீட்டாரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார். பேரு என்ன? என்ன தொழில் பண்ணாரு? யாரு யாரு இருக்காங்க? யாருக்காவது கொடுக்கல் வாங்கல் பாக்கி வச்சிட்டுப் போறாரா? அவ்வளவுதான். வெற்றிலையை மென்று துப்பிவிட்டு ஆரம்பித்தால், சிங்கப்பூரில் இருக்கும் மகன் வருகிறான், பேசாமல் இருந்த தம்பி வருகிறான், பாதியில் நின்ற கிணறு வருகிறது, செத்தவர் ஓட்டிய டிராக்டர் வருகிறது. அன்றைக்குக் காலை வரை உலகத்தில் இல்லாத பாட்டு அது. மறுநாள் இருக்காது. ஒரு முறை பாடியதை அவரே திரும்பப் பாட மாட்டார். அடுத்த வீட்டில் செத்தவர் வேறு ஆள். இதற்கு இசையமைப்பு என்று பெயர் சொல்ல நமக்கு வாய் வரவில்லை, ‘ஒப்பாரி’ என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறோம். அந்த அம்மாவின் ராகத்தை ஒருவர் செல்போனில் பிடித்துக்கொண்டு போய், கீழே ஒரு பேஸ் கித்தாரை வைத்தால், அது மட்டும் ‘ரா’, ‘ஆர்கானிக்’, ‘எக்ஸ்பெரிமென்டல்’.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஊரே சேர்ந்து உண்டாக்கிய பாட்டுக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாத பாட்டு யாருக்கும் சொந்தமில்லை. யாருக்கும் சொந்தமில்லாததை எவரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் நாலு வயலின் சேர்த்து ஸ்கோர் எழுதியதும் ஆசிரியர் பிறந்துவிடுகிறார். 2012-இல் திருத்தம் வந்தது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டியை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்றது. நல்ல சட்டம். நிகழ்த்துகிறவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்று அதே திருத்தம் சொல்கிறது. இன்னும் நல்ல சட்டம். அதைப் போய் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு பிரியாணி சாப்பிட்டவரிடம் யார் சொல்வது? கூத்து இதோடு முடியவில்லை. கோயில் கொடையில் தன் தாத்தா மெட்டை வாசித்ததை யூடியூபில் ஏற்றுகிறார் பேரன். அந்த மெட்டை வைத்துப் பண்ணிய சினிமாப் பாட்டு ஏற்கெனவே கம்பெனி பேரில் பதிவாகியிருக்கிறது. இயந்திரம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, திருடன் பேரன்தான் என்று முடிவு கட்டினால் அதைத் தப்பு சொல்ல முடியுமா? அதற்கு வீடியோ தேதி தெரியும், தாத்தாவைத் தெரியாது.

பேர் வாங்கியவர்கள் பாடாவது பரவாயில்லையா என்றால், அதுவும் இல்லை. உழைத்தவனுக்கு நிலமில்லாமல் போன கதையைப் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்து உலகமெல்லாம் ஆடியது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அந்தப் பாட்டைக் கொண்டாடியபோது, எழுதிப் பாடிய அறிவு அட்டையில் இல்லை. பலர் சத்தம் போட்ட பிறகுதான் அவருக்குத் தனியாக ஓர் அட்டை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து, அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று அதைத் தயாரித்த இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே வெளியில் சொன்னார். கோடிக்கணக்கான பார்வை பெற்ற பாட்டுக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், பிளாஸ்டிக் நாற்காலியில் இருபது பேர் பார்க்க அடிக்கிறவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட முடியாது. அது கலையை வளர்க்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. அதே ஆண்டுதான் சென்னை சங்கமமும் வந்தது. ஆட்சி மாறியதும் நின்றது, ஆட்சி மாறி 2023 ஜனவரியில் திரும்பி வந்தது. பூங்காக்களில் பறை முழங்கியது. அமைச்சர்கள் குச்சியை வாங்கி ரெண்டு தட்டுத் தட்டினால் அது மறுநாள் முதல் பக்கத்தில் வரும். அதே 2023 மே மாதம், திருநெல்வேலியில் நிகழ்ச்சி முடிந்து பறைகளோடு ஊர் திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய கல்லூரி மாணவியை நடத்துநர் பாதி வழியில் இறக்கிவிட்டார். அமைச்சர் கையில் இருந்தால் பாரம்பரியம், மாணவி கையில் இருந்தால் லக்கேஜ். 2025-இல் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, மனதாரச் சந்தோஷம். இனி நடத்துநர்கள் பத்மஸ்ரீ சான்றிதழைக் காட்டச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

வயதாகிப்போனால் ‘நலிந்த கலைஞர்’ உதவித்தொகை இருக்கிறது. மாதம் 3000 ரூபாய். அதற்கு வயதுச் சான்று, வருமானச் சான்று, கலைஞர் என்பதற்கு ஒரு சான்று. ஐம்பது வருடமாக நாலு மாவட்டத்துக்குக் கேட்கிற மாதிரி அடித்தவர், தான் அடித்தேன் என்பதற்குக் காகிதம் கொண்டுவர வேண்டும். நலிந்துவிட்டேன் என்பதை வேறு மெய்ப்பிக்க வேண்டும். அலுவலகப் படிக்கட்டில் ஏறி முடிக்கும்போது அதற்குச் சாட்சி தேவைப்படாது.

‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்தது. பெண் வேடம் கட்டி ஆடும் தகப்பனாக அதில் வந்த நெல்லை தங்கராசுவைப் பார்த்து அழாதவர் யார்? வேடம் கட்டி ஆடுவதுதான் அவருடைய நிஜத் தொழிலும். படம் கொண்டாடப்பட்டது, விருதுகள் வாங்கியது, அவர் அவமானப்படும் அந்த ஒரு காட்சிக்கு விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர் இடிந்த வீட்டில் இருந்த செய்தி வெளியே வந்த பிறகுதான் மாவட்ட நிர்வாகம் உதவிக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் இறந்துபோனார். திரையில் அவர் அவமானப்பட்டபோது திரையரங்கில் கண்ணைத் துடைத்துக்கொண்ட கை, பார்க்கிங்கில் கார் சாவியைத் தேடுவதற்குள் காய்ந்துவிட்டது.

இந்தச் சமூகம் பறையை வெறுக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். வெறுக்கவில்லை, பிரித்து வைத்திருக்கிறார்கள். கல்யாண வரவேற்புக்குப் பறை வேண்டாம், அது ‘சாவு மேளம்’, அபசகுனம். ஆகவே கேரளத்திலிருந்து செண்டை மேளம் வரவழைப்பார்கள். செண்டையில் கட்டியிருப்பதும் மாட்டுத்தோல்தான். ஆனால் அந்த மாடு மலையாளம் பேசிய மாடு, அதற்குத் தீட்டு இல்லை. மிருதங்கத்தின் தோலும் அதே கொட்டிலிலிருந்துதான் வருகிறது. அந்தத் தோலை வைத்து மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா புத்தகம் எழுதியபோது, 2020-இல் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. தோலை மடியில் வைத்து வாசிக்கலாம், தோல் என்று வாயால் சொல்லக் கூடாது. கரகாட்டமும் இப்படித்தான். ஊர்த் திருவிழாவில் ஆட போலீஸ் அனுமதி வேண்டும், கிடைக்காவிட்டால் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டும், ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது என்று நிபந்தனைகள் வேண்டும். அதே ஆட்டத்தை அதைவிடக் குறைந்த துணியில் பண்ணினால் சென்சார் சான்றிதழோடு குடும்பமாகப் பார்க்கலாம்.

பறையை அடிக்க மாட்டோம் என்று சொல்லி அடிவாங்கிய தலைமுறையும் இங்கே இருந்தது. தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் அந்த ஊழியத்தை விடச் சொல்லி ஊர் ஊராகப் போனார். சாவுக்குப் பறையடிப்பது அப்போது தொழில்கூட அல்ல, சாதிக்கு விதித்த வேலை. குச்சியைக் கீழே போட்டதற்காகக் குடிசை எரிந்த ஊர்கள் உண்டு. பிறகு வேறு சிலர் அதே பறையை விடுதலையின் குரலாகக் கையில் எடுத்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் எடுத்தார்கள். போட்டதும் அவர்கள் உரிமை, எடுத்ததும் அவர்கள் உரிமை. இந்த ரெண்டு சண்டையிலும் இல்லாத நாம் இப்போது வந்து, “கலையை விட்டுடாதீங்கண்ணே, நம்ம அடையாளம்ணே” என்று உபதேசம் செய்கிறோம். தொடர்ந்து, “இந்த புரோகிராமுக்குப் பேமென்ட் இல்லண்ணே, ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்.” கூலி இல்லாமல் அடி என்று அன்றைக்கு ஊர் சொன்னது. கூலி இல்லாமல் அடி என்று இன்றைக்குக் கலை சொல்கிறது. பண்ணையார் மீசை வைத்திருந்தார், இவர் கதர் ஜிப்பா போட்டிருக்கிறார்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய காரியமில்லை. டைட்டிலில் பெயர், ஊரோடு. வவுச்சருக்குப் பதில் ஒப்பந்தம், அதைத் தமிழில். அடித்ததை மறுபடி எந்தப் படத்தில் அழுத்தினாலும் மறுபடி காசு. மண்ணிடமிருந்து வந்த மெட்டு என்று மேடையில் சொல்கிறவர், அந்த மண்ணின் கைப்பேசி எண்ணையும் சொல்லட்டும், ஜி-பே பண்ணிவிடலாம்.

இசையமைப்பாளர்கள் நூறு வயசு இருக்கட்டும். ஆனால் எல்லோர் வீட்டு வாசலிலும் ஒருநாள் பந்தல் போடுவார்கள். அன்றைக்கு ஒப்பாரிப் பாட்டுக்கார அம்மாவும் வருவார், அந்த நாலு கேள்விகளையும் கேட்பார். முதல் மூன்றுக்கு வீட்டார் பதில் சொல்லிவிடுவார்கள். நாலாவதற்கு, பந்தலுக்கு வெளியே சாக்கடை ஓரம் பறை காய்ச்சிக்கொண்டிருப்பவர்கள் சொல்வார்கள். பாட்டு ரொம்ப நீளமாக இருக்கும்.